ஹிப்னோதெரபிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

"உள்ளே இருக்குற ரகசியத்தையெல்லாம் உளறிடுவேனாண்ணே?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் என் சித்தப்பா மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். எவ்வளவு செலவாகும், குணமாகுமா என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது. பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்தாலே வியர்த்துக் கொட்டும் பயத்துக்காக நான் முன்பு சில வாரம் ஹிப்னோதெரபிக்கு, அதாவது ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் சிகிச்சைக்குப் போயிருக்கிறேன், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அதை வைத்து என்னை ஓட்டுவார்கள். அதனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க அவனுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

அவனுடைய தொல்லை வயிறு. ஆறு வருடமாக. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை கழிப்பறை, பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் நாலாவது தடவை எங்கே வந்துவிடுமோ என்ற கிலி. கொலோனோஸ்கோபி வரை எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் வைத்த பெயர் ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். (நம் ஊரில் ஐபிஎஸ் என்றால் வேறு மரியாதை, அவன் அதைச் சொல்லிச் சிரிப்பான்.) குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது, ஆனால் வலியும் உப்புசமும் பேதியோ மலச்சிக்கலோ மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். மாத்திரைகள் ஓரளவுக்கு மேல் கேட்காத நிலையில் குடல் டாக்டரே ஹிப்னோதெரபி போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்ததும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, வயிற்றில் கோளாறு என்று வந்தவனை மண்டையில் கோளாறு என்று அனுப்புகிறார்களே என்று.

ரகசியத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உளற மாட்டீர்கள். ஹிப்னாசிஸில் இருக்கும்போது சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் இருக்கலாம், பொய்கூடச் சொல்லலாம். நம் ஆட்கள் இதை நார்கோ பரிசோதனையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது விசாரணையில் உண்மையைக் கறக்க மருந்து ஏற்றிச் செய்வது, ஒருவரின் சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. இங்கே ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

எல்லாக் குழப்பத்துக்கும் பாதிக் காரணம் பெயர்தான் என்று எனக்குத் தோன்றும். மான்செஸ்டரில் தொழில் செய்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1841-இல் ஒரு மெஸ்மரிச மேடைக்காட்சியைப் பார்க்கிறார், புரட்டை அம்பலப்படுத்தலாம் என்றுதான் போனவர், மேடையில் மெஸ்மரிசத்துக்கு ஆளானவரின் கண்ணிமை நிஜமாகவே திறக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்ததும் வீட்டில் தானே சோதிக்க ஆரம்பிக்கிறார். உறக்கத்துக்கான கிரேக்கச் சொல்லான 'ஹிப்னோஸ்' என்பதிலிருந்து 1843-இல் அவர் புத்தகம் வழியாகப் பரவியதுதான் ஹிப்னாடிசம் என்ற பெயர். சில வருடத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது, இது உறக்கமில்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிந்து நிற்கும் நிலை என்று. பெயரை மாற்றப் பார்த்தார். அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் அறிதுயில். திருவரங்கத்தில் பெருமாள் கண்மூடிக் கிடந்தாலும் எல்லாம் அறிந்தே கிடக்கிறார் என்று சொல்வோமே, அதே சொல். கிரேக்கச் சொல் கோட்டைவிட்ட விஷயத்தை இது பிடித்துவிட்டது. ஆனால் வழக்கில் யாரும் அதைச் சொல்வதில்லை, வசியம் என்கிறார்கள், மெஸ்மரிசம் என்கிறார்கள், சினிமாவில் ஒரு கடிகாரச் சங்கிலி ஆடுகிறது, கதாநாயகி கண் செருகுகிறாள்.

வசியம் என்ற எண்ணத்துக்கு முதலில் ஆப்பு வைத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்த ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், உடம்பில் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதைத் தான் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1784-இல் பதினாறாம் லூயி மன்னர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியர் போன்ற விஞ்ஞானிகள் இருந்த குழு, அப்படி ஒரு திரவமே இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று முடித்துவிட்டது. ஆனால் கற்பனைக்கு இவ்வளவு வலு எப்படி வந்தது என்று அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. அதைக் கேட்டவர் கோவாவில் கண்டோலிமில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. 1813 வாக்கில் பாரிஸில் பொதுக்கூட்டம் போட்டுச் செய்து காட்டினார். என் கையிலும் கண்ணிலும் ஒன்றுமில்லை, நடப்பதெல்லாம் எதிரே இருப்பவரின் மனதில்தான் என்பது அவர் கட்சி. பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது, கையை நீட்டி நிற்பார், எதிரே ஒரு பெண் சரிந்திருப்பாள். அவர் சொன்ன கருத்துக்கு நேர் எதிராக அந்தச் சிலை பார்ப்பவர்களுக்கு வசியக்காரர் போலத் தெரிவதுதான் வேடிக்கை.

சரி, முதல் நாள் என்ன நடக்கும்? பேச்சு. பெரும்பாலும் பேச்சுதான். தம்பியோடு நானும் போயிருந்தேன், அவன் சம்மதம் சொன்னதால் என்னையும் உட்காரவிட்டார்கள். (துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று நீங்களும் கேட்கலாம். கேட்டவுடன் முகம் சுளிக்கிறவரிடம் நான் போக மாட்டேன்.) ஒரு சின்ன அறை, கால் நீட்டிக்கொள்ளும் வசதியுள்ள சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, டிஷ்யூ பெட்டி. சிகிச்சை தருகிற அம்மா மருத்துவ உளவியலாளர், நாற்பது வயதிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி கேள்விகளில் போயிற்று. வலிப்பு வந்ததுண்டா, குரல்கள் கேட்பதுண்டா, பைபோலார் மாதிரி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இவற்றைக் கேட்காமல் நேராகக் கண்ணை மூடச் சொல்பவர் இருந்தால் எழுந்து வந்துவிடலாம், ஏனென்றால் நிஜத்துக்கும் கற்பனைக்குமான கோடு ஏற்கெனவே கலங்கியிருக்கும் மனநோய்களில் இதைப் பழக்கமில்லாதவர் தொடுவது ஆபத்து. மலத்தில் ரத்தம் உண்டா, எடை குறைந்ததா என்றும் கேட்டார், டாக்டரின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "வலி எப்படி இருக்கும்? டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி வேணாம், வீட்டுல சொல்ற மாதிரி சொல்லுங்க."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "உள்ளுக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி மேடம்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். மனதுக்கு இதமான இடம் ஒன்று சொல்லுங்கள் என்றபோது இவன் கடற்கரை, மலை என்றெல்லாம் சொல்லவில்லை, எங்கள் ஊரில் தாத்தா நிலத்துப் பம்புசெட் தொட்டியைச் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டார்.

கண்ணை மூடுவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. இரண்டு கையையும் ஓரடி இடைவெளியில் நீட்டி, நடுவே காந்தம் இருக்கிறது, இழுக்கிறது என்று நினைக்கச் சொன்னார். இவன் கை மெதுவாக நெருங்கியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நெருங்காது. ஹிப்னாசிஸுக்கு ஒருவர் எவ்வளவு இசைவார் என்பது உயரம், குரல் மாதிரி ஆளுக்கு ஆள் மாறுகிற, பெரும்பாலும் நிலையாக இருக்கிற ஒரு குணம். ஸ்டான்ஃபோர்டில் வைட்ஸன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959-இல் இதற்கு அளவுகோலே உருவாக்கினார்கள், 12 சின்னச் சின்னச் சோதனைகள் கொண்டது. பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலானவர்கள் மிக எளிதாக உள்ளே போவார்கள், ஏறத்தாழ அதே அளவுக்கு எதுவுமே ஏறாதவர்களும் உண்டு, மீதிப் பேர் நடுவில். இதற்கும் ஏமாளித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. மேடை ஹிப்னாடிசக்காரர் முதலில் கூட்டம் மொத்தத்தையும் கை கோக்கச் சொல்வாரே, கவனித்திருக்கிறீர்களா? அங்கே அவர் செய்வது பொறுக்கல். நன்றாக இசைகிற, மேடையேறக் கூச்சமில்லாத நாலு பேரை எடுத்துக்கொண்டால் சேவல் மாதிரி கூவ வைப்பதெல்லாம் பெரிய காரியமில்லை.

பிறகுதான் அந்தப் பகுதி. கூரையில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார், கண் சொருகியதும் மூடிக்கொள்ளச் சொன்னார், மூச்சு, பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு தசையாகத் தளர்த்துவது, பத்திலிருந்து கீழே எண்ணுவது. வெளியே யாரோ கேட்டைச் சத்தமாகச் சாத்தினார்கள், அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது. அவர் குரல் மாறவேயில்லை, "வெளியே கேட்கிற சத்தமெல்லாம் கேட்டுட்டுப் போகட்டும்" என்று அதையும் சேர்த்துக்கொண்டு போனார். அப்புறம் பம்புசெட் வந்தது. வலது கையை வயிற்றின் மேல் வைக்கச் சொல்லி, தொட்டியில் வெயில்பட்ட தண்ணீரின் கதகதப்பு உள்ளங்கை வழியாக இறங்குவதாகச் சொன்னார். பிழிந்த துணி மெல்ல முறுக்கு அவிழ்ந்து கொடியில் விரிகிறது. வாய்க்காலில் தண்ணீர் அடித்துக்கொண்டும் ஓடவில்லை, தேங்கியும் நிற்கவில்லை, ஒரே நிதானத்தில் போகிறது. எதிரே நாற்காலியில் இருந்த எனக்கே வயிறு லேசானது மாதிரி இருந்தது. ஒரு தடவை அவன் மூக்கைச் சொறிந்துகொண்டான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஐந்துவரை எண்ணிக் கண் திறக்க வைத்ததும் அவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான். "எல்லாமே கேட்டுச்சே மேடம், நான் போகவே இல்ல போல." எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றான். இருபத்தெட்டு நிமிடம். முதல்முறை போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், நானும் சொன்னேன், நினைவு தப்பிவிடும் என்று எதிர்பார்த்துப் போவதால் வரும் ஏமாற்றம் இது. கை கால் கனத்துப் போகலாம், அல்லது மிதப்பது போலிருக்கலாம், இமை துடிக்கும், எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பீர்கள். சிலருக்கு எதிர்பாராமல் அழுகை வரும், டிஷ்யூ பெட்டி அதற்குத்தான். அப்படியே மாட்டிக்கொண்டு எழ முடியாமல் போனவர் யாருமில்லை. நடத்துகிறவர் பாதியில் எழுந்து போய்விட்டாலும் கொஞ்ச நேரத்தில் நீங்களாகக் கண் திறப்பீர்கள், இல்லையென்றால் தூங்கிப்போய் எழுவீர்கள்.

பம்புசெட் கதை சொன்னால் குடல் எப்படிக் கேட்கும் என்று நியாயமாகவே கேட்பீர்கள். ஐபிஎஸ்ஸில் குடலிலிருந்து மூளைக்குப் போகிற செய்திகளின் ஒலியளவு கூடிக்கிடக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியாத சாதாரண வாயு நகர்வுகூட இவர்களுக்கு வலியாகத் தெரியும், அந்த வலி பயத்தைக் கிளப்பும், பயம் குடலை இன்னும் முறுக்கும். ஹிப்னாசிஸ் அந்த ஒலியளவில் கை வைக்கிறது. மான்ட்ரியாலில் பியர் ரைன்வில்லும் உடனிருந்தவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று: ஹிப்னாசிஸில் இருப்பவர்களின் கையைச் சூடு பொறுக்காத நீரில் வைத்து, சிலசமயம் அது அவ்வளவு தொந்தரவாக இல்லை என்றும் சிலசமயம் ரொம்பத் தொந்தரவு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. சூட்டை உணர்கிற மூளைப் பகுதியும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட முன் சிங்குலேட் பகுதி மட்டும் சொல்லுக்கேற்ப ஏறி இறங்கியது. சும்மா நடிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாத ஒரு விஷயம்.

குடலுக்கென்றே இதைச் செய்து பார்த்தது மறுபடியும் மான்செஸ்டர்தான். குடல் மருத்துவர் பீட்டர் வோர்வெல் 1984-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தன் ஆய்வை வெளியிட்டார், எதற்கும் அடங்காத ஐபிஎஸ் நோயாளிகள் 30 பேர், பாதிப்பேருக்கு ஹிப்னோதெரபி, பாதிப்பேருக்குப் பேச்சு சிகிச்சையும் போலி மாத்திரையும். முதல் கூட்டத்தார் வெகுவாகத் தேறினார்கள். வயிற்றில் கை, கதகதப்பு, நிதானமாக ஓடும் ஆறு என்ற முறையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான், நம் தம்பிக்கு ஆறு வாய்க்காலாகிவிட்டது, அவ்வளவே. அதே மையம் 2015-இல் 1000 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது 76 விழுக்காட்டினர் பலன் பெற்றதாகச் சொன்னது. விளம்பரங்களில் இந்த எண்தான் பளபளவென்று நிற்கும். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க, இந்தச் சிகிச்சை பெறாத இன்னொரு கூட்டம் கிடையாது. நெதர்லாந்தில் 354 பேரைக் கொண்டு சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்த நேரத்தில் போதுமான நிவாரணம் என்று சொன்னவர்கள் குழுவாக இல்லாமல் தனித்தனியே ஹிப்னோதெரபி பெற்றவர்களில் சுமார் 40 விழுக்காடு, வெறும் விளக்க வகுப்பு பெற்றவர்களில் சுமார் 17 விழுக்காடு. நான் தம்பிக்குச் சொன்ன எண் 40 தான். பத்துப் பேரில் நாலு பேர். ஆறு வருடம் கழிப்பறையை வைத்தே வாழ்க்கையைத் திட்டமிட்டவனுக்கு இது சின்ன எண் இல்லை, ஆனால் அதிசயமும் இல்லை. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இலிருந்து சொல்லிவருவதும் இந்த அளவில்தான், மருந்துகள் 12 மாதமாகியும் கேட்காதவர்களுக்கு ஹிப்னோதெரபியையும் யோசிக்கலாம் என்று.

மற்ற தொல்லைகளுக்கு? அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றம், ஊசிப் பயம், பல் பயம், சில வகை வலிகள், இவற்றுக்குக் கைகொடுக்கிறது. ஒரே அமர்வில் சிகரெட் நிறுத்தம் என்று போர்டு போட்டிருப்பார்கள், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2019-இல் அதுவரை இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு மற்ற முறைகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றது. மறந்துபோன சிறுவயது நினைவை மீட்டுத் தருகிறேன், முற்பிறவிக்கு அழைத்துப் போகிறேன் என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். காசு போவது மட்டுமில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக மனம் எவ்வளவு சுலபமாக நெய்துவிடும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஹிப்னாசிஸ் அந்த நெசவுக்கு உறுதியைக் கூட்டும், உண்மையைக் கூட்டாது. அப்பா அம்மா மேல் இல்லாத பழி விழுந்து உடைந்த குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு.

யாரிடம் போவது என்பதுதான் நம் ஊரில் சிக்கல். 2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட ஆணைப்படி ஹிப்னோதெரபி ஒரு தனி மருத்துவ முறை இல்லை, ஆனால் பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி உள்ளவர்களோ ஒரு சிகிச்சை வழியாகச் செய்யலாம். 'தகுந்த பயிற்சி' என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் நுழைந்துவிடுகிறார், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறார். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: ஹிப்னாசிஸ் தெரியாவிட்டாலும் உங்கள் நோய்க்கு வைத்தியம் பார்க்கத் தகுதியுள்ளவரா? மனநல மருத்துவர், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவுள்ள மருத்துவ உளவியலாளர், பல் பயம் என்றால் பயிற்சி பெற்ற பல் மருத்துவர். மாத்திரையை நிறுத்து என்பவர், பத்து அமர்வுக்கு இன்றைக்கே முன்பணம் கேட்பவர், நூறு சதவீதம் உத்தரவாதம் தருபவர், மூன்று பேரும் வேண்டாம்.

போகும் நாளில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், காலியாகவும் போகாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். முடிந்த கையோடு வண்டி ஓட்டாமல் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

முக்கியமானது வீட்டுப்பாடம், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஐபிஎஸ்ஸுக்கு வாரம் ஒன்று என்று பன்னிரண்டு அமர்வு வரை போகும், நடுவில் தினமும், அமர்வில் சொல்வதைப் பதிவுசெய்து தரும் குரல் பதிவை வீட்டில் கேட்க வேண்டும். நான் பல் பயத்துக்குப் போனபோது முதல் வாரம் கேட்டேன், இரண்டாவது வாரம் கேட்டதாகச் சொன்னேன், மூன்றாவது வாரம் அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார், அன்றிலிருந்து ஒழுங்காகக் கேட்டேன்.

தம்பிக்கு இப்போது ஏழாவது வாரம். இரவு ஒன்பதரைக்கு மொட்டைமாடியில் ஹெட்போனோடு படுத்துவிடுகிறான், என்னடா காதலா என்று சித்தி முதலில் சந்தேகப்பட்டார்களாம். காலையில் மூன்று தடவை என்பது பல நாட்களில் ஒன்றாகியிருக்கிறது, மாதக் கடைசியில் ஆபீஸில் கணக்கு முடிக்கும் வாரத்தில் திரும்ப மூன்று. பேருந்தில் இன்னமும் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருகிறான்.